நேர்காணலா, நாக்காணலா?

எழுதித் தேறிய மாணவனைப் பேசச் சொல்லித் திணறடிக்கும் பருவம் ஒன்று ஆண்டுதோறும் வந்து போகின்றது. பள்ளித் தேர்வில் தலைநிமிர்ந்து நின்றவன், கல்லூரி நேர்காணல் அறையின் கதவைத் திறந்ததும் தலை கவிழ்கின்றான். மேசைக்கு அப்பால் மூவரோ ஐவரோ அமர்ந்திருக்கின்றனர். அவர்களும் தமிழர், அவனும் தமிழன், அக்கல்லூரி நிற்கும் மண்ணும் தமிழ்மண். ஆயினும் முதல் வினா ஆங்கிலத்தில் வருகின்றது. ‘உன்னைப் பற்றிச் சொல்’ என்பதே அவ்வினா. தன்னைப் பற்றித் தன் மொழியில் ஒரு நாழிகை பேசத் தெரிந்தவன், தன் பெயரையும் தந்தை பெயரையும் சொல்லி நின்றுவிடுகின்றான். ‘இவனுக்குத் தெளிவில்லை’ என்று ஒருவர் குறித்துக் கொள்கின்றார். தெளிவில்லாதது எது? அவன் அறிவா, அவர் கேட்ட முறையா?

தமிழ்நாட்டில் மருத்துவத்திற்கும் பொறியியலுக்கும் இன்று நேர்காணல் இல்லை. அங்கு நடப்பது கலந்தாய்வு. தரவரிசைப்படி இடத்தைத் தெரிந்தெடுக்கும் செயலேயன்றி வினாவும் விடையுமன்று. ஆனால் மேலாண்மைக் கழகங்கள், வடிவமைப்புப் பள்ளிகள், குமுகாயப் பணிப் படிப்புகள், தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றின் முதுகலை வகுப்புகள், எல்லாவற்றுக்கும் மேலாக முனைவர்ப் பட்ட ஆய்வு ஆகியவற்றின் வாயிலில் நேர்காணல் என்னும் காவலன் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கின்றான். எளிய குடியிற் பிறந்த பிள்ளை பட்டம் பெற்று மேற்படிப்புக்குச் செல்லத் துணியும் இடமும் அதுவே. ஆகலின் இச்சிக்கல் பழங்கதையன்று.

பழங்கதையும் அறியத்தக்கதே. 1970ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளின் சேர்க்கையில் மொத்தம் 275 மதிப்பெண். அவற்றுள் 200 பாடங்களுக்கு. எஞ்சிய 75 நேர்காணலுக்கு. விளையாட்டு, மாணவர் படை, தொண்டுப் பணி, உடல் வலிமை, பொதுத் திறன், துறை நாட்டம் என்னும் தலைப்புகளில் அந்த 75 மதிப்பெண்ணும் வழங்கப்படல் வேண்டும். விளையாட்டுத் திடலே இல்லாத பள்ளியிற் படித்தவன், மாணவர் படையைக் கண்ணாலும் காணாதவன், மாலையில் மாட்டுக்குப் புல்லறுத்தவன், தன் தொண்டுப் பணி என்று எதனைச் சொல்வான்? பெரியகருப்பன் என்பார் பெயரால் அச்சேர்க்கை உச்ச நயன்மன்றத்துக்குச் சென்றது. நேர்காணல் ஒவ்வொன்றும் மூன்று மணித்துளி அளவே நடந்தது என்பது அங்கு மறுக்கப்படவில்லை. மூன்று மணித்துளியில் ஒருவனின் திறனை அளத்தல் அரிது என்றும், 275இல் 75 என்பது மிகை என்றே தோன்றுகின்றது என்றும் நடுவர்கள் கூறினர். தலைப்புவாரியாகப் பிரித்து வழங்காமல் மொத்தமாக அள்ளி வழங்கிய முறை சட்டத்திற்கு மாறானது என்றும் தீர்த்தனர். ஆயினும் நேர்காணலையே தூக்கியெறிய அவர்கள் உடன்படவில்லை. அதற்கு முன்னரே, 1964இல் மைசூர் மாநிலத்துச் சித்திரலேகா வழக்கில், நேர்காணல் சட்டத்திற்கு உட்பட்டதே என்று அம்மன்றம் ஏற்றிருந்தது.

பத்தாண்டு கழித்துக் காசுமீரத்திலும் இதே கதை நடந்தது. சிறிநகரில் இருந்த வட்டாரப் பொறியியற் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண், நேர்காணலுக்கு 50. எழுத்தில் மிகுந்த மதிப்பெண் பெற்றோர் நேர்காணலிற் சரிந்தனர். எழுத்தில் குறைந்தோர் நேர்காணலில் ஏறினர். தங்களை இரண்டு மூன்று மணித்துளியே கண்டனர் என்றும், பாடத்தைப் பற்றிக் கேளாமல் பெற்றோரையும் குடியிருப்பையும் பற்றியே கேட்டனர் என்றும் மாணவர்கள் முறையிட்டனர். 1980 நவம்பரில் வந்த அந்த அசய் அசியா வழக்குத் தீர்ப்பு, மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்காணலுக்கு ஒதுக்குதல் தன்மூப்பானது என்றது; நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்போதல் தகாது என்று வரையறுத்தது; நேர்காணலை ஒலிநாடாவிற் பதிவு செய்தல் நலம் என்றும் அறிவுறுத்தியது. ஒலிநாடாவுக்குச் செலவு உண்டு என்று அன்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் பதிவுக்கருவி உறங்கும் இன்றும் எத்தனை நேர்காணல் அறைகளில் அவ்வறிவுரை நடைமுறையில் உள்ளது?

பதிவு செய்ய ஏன் தயங்குகின்றனர் என்பதற்கு விடை தேடிக் கடல்கடந்தும் செல்லலாம். அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் 1920களின் தொடக்கத்தில் யூத மாணவர் தொகை பெருகியது. எழுத்துத் தேர்வில் அவர்களை வெல்ல இயலவில்லை. 1922இல் அதன் தலைவர் இலோவெல், யூதருக்கு ஓர் உச்சவரம்பு வைக்க முயன்றார். வெளிப்படையான வரம்பு எதிர்ப்பினால் நிறைவேறவில்லை. 1926இல் ‘குணநலன்’ என்னும் அளவுகோல் சேர்க்கைக்குள் நுழைந்தது. வேண்டுதாளோடு நிழற்படமும் கேட்கப்பட்டது. யூதர் தொகை குறைந்தது. எண்ணால் வரம்பு கட்டியிருந்தால் அதனை எதிர்த்து வழக்காடலாம். ‘உன் குணநலன் போதவில்லை’ என்பதனை எதிர்த்து எங்குச் சென்று வழக்காடுவது? அளவுகோல் எவ்வளவுக்கு எவ்வளவு மங்கலோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதனைக் கையில் வைத்திருப்பவனுக்கு வாய்ப்பு.

இங்கும் அம்மங்கல் கலையவில்லை. முனைவர்ப் பட்டச் சேர்க்கையில், எழுத்துத் தேர்வுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் எனப் பல்கலைக்கழக நல்கைக் குழுவின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை வகுத்துள்ளது. உச்ச நயன்மன்றம் கல்லூரிச் சேர்க்கைக்குச் சொன்ன 15 எங்கே, இந்த 30 எங்கே! ஆய்வு மாணவர் அகவையில் முதிர்ந்தவர். முதிர்ந்தோரைத் தேர்வு செய்யும்பொழுது நேர்காணலுக்குக் கூடுதல் இடமளிக்கலாம் என்று 1981இல் பணித்தேர்வு பற்றிய ஒரு வழக்கில் அதே மன்றம் கூறியதும் உண்மையே. ஆயினும் தில்லி நேரு பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று 2016இல் கண்டது என்ன? எழுத்து மதிப்பெண்ணையும் நேர்காணல் மதிப்பெண்ணையும் அடுத்தடுத்து வைத்து ஒப்பிட்டபொழுது, குமுகாயப் பிரிவுகளுக்கிடையே தொடர்ந்து ஒரு வேறுபாடு தென்படுகின்றது என்றும், அஃது ஒருதலைச் சார்பைக் காட்டுகின்றது என்றும் அக்குழு எழுதியது. எழுத்துத்தாளைத் திருத்துபவர்க்கு எழுதியவனின் முகம் தெரியாது. நேர்காணலில் முகமும் தெரியும், ஊரும் தெரியும், தந்தை தொழிலும் தெரியும். வேறு விளக்கம் வேண்டுமோ?

இவற்றோடு மொழி என்னும் தடையும் சேர்கின்றபொழுது தமிழ்வழி மாணவன் இரட்டைச் சுமை சுமக்கின்றான். இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மாவட்ட ஆட்சியரைத் தேர்ந்தெடுக்கும் நடுவணரசுப் பணித் தேர்வாணையம், ஆட்சிப்பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதவும், நேர்காணலுக்குத் தமிழிலேயே விடையளிக்கவும் இடந்தருகின்றது. மொழிபெயர்ப்பாளரையும் அதுவே அமர்த்துகின்றது. அங்கு மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்காணலுக்கு 275; ஏறத்தாழப் பதினான்கு விழுக்காடு. தில்லியில் அமர்ந்து ஆட்சியரைத் தேடும் குழுவின் முன் தமிழன் தமிழிற் பேசலாம். காவிரிக் கரையிலோ வைகைக் கரையிலோ அமர்ந்து ஒரு முதுகலை மாணவனைத் தேடும் குழுவின் முன் அவன் தமிழிற் பேசினால் புருவம் உயர்கின்றது! தடுப்பது சட்டமா? எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கேட்பவரின் அடிமை உள்ளமே தடுக்கின்றது. அவரும் ஒருநாள் இவ்வாறே ஒரு நாற்காலியின் நுனியில் அமர்ந்து நடுங்கியவரே. அன்று தாம் விழுங்கிய மானக்கேட்டை இன்று வேறொருவன் தட்டில் பரிமாறுகின்றார்.

கேட்பவர் திருந்தும்வரை மாணவன் காத்திருக்க இயலாது. அடுத்த திங்களே அவனுக்கு அழைப்பு வருகின்றது. எனவே அணியமாதல் எவ்வாறு என்பதையும் இங்குப் பேசியாகல் வேண்டும்.

முதலில் செய்ய வேண்டாதது. ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ என்னும் பலகை தொங்கும் கடைகளுக்குப் பெற்றோர் ஓட வேண்டா. அங்கு விற்பனையாவது ஆங்கிலமன்று. ஒரு மனப்பாடப் பத்தி. என் பெயர் இது, என் பொழுதுபோக்கு நூல் படித்தல், என் வலிமை கடும் உழைப்பு, என் குறை அளவுக்கு மீறிய உழைப்பு. ஒரே அச்சில் வார்த்த இந்தப் பத்தியைக் காலை முதல் மாலை வரை நாற்பது வாயிலிருந்து கேட்கும் தேர்வுக்குழுவினர் கொட்டாவி விடுகின்றனர். ‘எந்த நூலைப் படித்தாய்?’ என்று இரண்டாம் வினா விழுந்ததும் மனப்பாடம் மண்கோட்டை போல் சரிகின்றது. படிக்காத நூலைப் படித்ததாகச் சொல்பவன் தானே தோண்டிய குழியில் தானே இறங்குகின்றான். பொழுதுபோக்கு ஆடு மேய்த்தல் என்றால் ஆடு மேய்த்தல் என்றே சொல்க. கொடியாட்டுக்கும் கன்னியாட்டுக்கும் என்ன வேறுபாடு என்று அவர் கேட்டாரேல், அவ்வறையில் ஆசிரியன் அவனே.

இனிச் செய்ய வேண்டியது. தன் பாடத்தை வாய்விட்டுப் பேசப் பழகுதல் வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆயிரம் பக்கம் எழுதுகின்றனர். பத்து மணித்துளி பேசுவதில்லை. ஆசிரியர் பேசுவார், மாணவன் எழுதுவான், தேர்வில் அதனையே திருப்பி எழுதுவான். இந்த ஊமைக் கல்வியே நேர்காணலின் முதற்பகை. ஆங்கிலம் இரண்டாம் பகையே. நாள்தோறும் மாலையில் ஒரு பாடத்தலைப்பை எடுத்துக்கொண்டு, அதனைத் தன் தம்பிக்கோ தாய்க்கோ விளங்கும்படி சொல்லிப் பார்த்தல் வேண்டும். கேட்பவர் ‘ஏன்?’ என்று இடைமறித்துக் கேட்டல் வேண்டும். அந்த ‘ஏன்’ என்பதற்கு விடை வராத இடத்தில்தான் படிப்பு நின்றிருக்கின்றது. அங்கிருந்து நூலைத் திறக்கலாம்.

நல்ல தேர்வாளர் கேட்பது மனப்பாடத்தையன்று. இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு பல்கலைக்கழகங்களில் திசம்பர்த் திங்களில் நடக்கும் நேர்காணல்களில், மாணவன் முன்பின் கண்டிராத ஒரு சிக்கலைக் கொடுத்து, அவன் அதனை எவ்வாறு அணுகுகின்றான், சொல்லிக்கொண்டே எவ்வாறு எண்ணுகின்றான், குறிப்பொன்று கொடுத்தால் எவ்வாறு பற்றிக்கொள்கின்றான் என்று பார்க்கின்றனர். விடை தவறினும் வழி தெளிவாயின் மதிப்பு உண்டு. ஆங்கிலேயனிடமிருந்து தொங்கு கழுத்துப்பட்டையைக் கற்றுக்கொண்டவர்கள் இதனைக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

இத்தகைய வினாவுக்குச் சிற்றூர்ப் பிள்ளையிடம் சரக்கு இல்லையா? மண்பானையில் நீர் ஏன் குளிர்கின்றது என்று ஒருவர் கேட்பதாகக் கொள்வோம். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் ஆவியாகின்றது. ஆவியாகுங்கால் உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. இவ்வளவும் நூலில் உண்டு. ‘மழைக்காலத்தில் அப்பானை நீர் ஏன் அவ்வளவு குளிர்வதில்லை?’ என்பது அடுத்த வினா. இது நூலில் இல்லாதிருக்கலாம். ஆனால் பானை அவன் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மட்டுப்படுகின்றது என்று அவன் எண்ணிச் சொல்லிவிடுவான், தமிழில் எண்ண விட்டால்! குளிர்பெட்டியன்றி வேறறியாத நகர்ப்பிள்ளை அங்குத் தடுமாறவும் கூடும்.

ஏரிப்பாசன ஊரிலிருந்து கட்டடப் பொறியியல் மேற்படிப்புக்குச் செல்பவன், தன் ஊர் ஏரியின் கரையையும் மதகையும் கலிங்கையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் செல்வானாக. மிகுநீர் கரையை உடைக்காமல் வழிந்தோடக் கலிங்கு எவ்வாறு உதவுகின்றது, சோழர் காலத்துக் குமிழித் தூம்பில் மேல்துளையாகிய நீரோடி வழித் தெளிநீரும் கீழ்த்துளையாகிய சேறோடி வழி வண்டலும் எவ்வாறு வெளியேறின என்று அவன் ஒரு தாளில் வரைந்து காட்டினால், தேர்வாளர் தம் அடுத்த வினாவை மறந்துவிடுவார். தூர் வாரும் வேலையை நீரே செய்யும்படி அமைத்த அறிவு அது. அதனை விளக்க ஆங்கிலம் வேண்டும் என்பவன் அந்தத் தூம்பைக் கண்டறியாதவன்.

இங்குத் தமிழன்பர் சிலர் முகஞ்சுளிக்கும் ஒன்றையும் சொல்லியாகல் வேண்டும். ஆங்கில வினாவைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கேனும் மாணவன் ஆங்கிலம் அறிந்திருத்தல் வேண்டும். தன் துறைச் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாக எழுதிய ஏடு ஒன்று அவனிடம் இருத்தல் வேண்டும். ஒளிச்சேர்க்கை, உராய்வு, தொகையீடு, நொதிப்பு என்று தமிழில் அறிந்தவன் அவற்றின் ஆங்கிலப் பெயரையும் அறிந்திருப்பின், வினா எந்த மொழியில் வந்தாலும் பொருள் பிடிபடும். கருவி என்ற அளவில் ஆங்கிலத்தைக் கையாளுதல் வேறு. அதனைத் தலையில் முடியாகச் சூட்டிக்கொள்ளுதல் வேறு. மேடையில் ஆங்கிலத்தைப் பழித்துவிட்டுத் தம் பிள்ளையை மட்டும் ஆங்கிலப் பள்ளியிற் சேர்த்திருப்பவர், ஏழைப் பிள்ளைக்கு ஆங்கிலமே வேண்டா என்று அறிவுரை கூறுதல் அறமன்று.

பொருள் பிடிபட்டபின், விடை தமிழில் இருக்கலாம். ‘ஐயா, இதனைத் தமிழில் விளக்கலாமா?’ என்று எழுந்த குரலில், கெஞ்சாமல், சினவாமல் கேட்டல் வேண்டும். அம்மையார் அமர்ந்திருப்பின் ‘அம்மா’ என்க. பெரும்பாலோர் இசைவர், முகத்துக்கு நேரே மறுக்க எவர்க்கும் நாணம் உண்டு. மறுப்பின், சிறுசிறு ஆங்கிலத் தொடர்களில் பொருளை மட்டும் சொல்லிவிடலாம். இலக்கணப் பிழைக்கு அஞ்சி வாயடைத்துப் போதலைவிடப் பிழையோடு பேசுதல் மேல். கொடுமையானது, பாதி ஆங்கிலமும் பாதித் தமிழுமாகக் கலந்தடிப்பது. அதில் ஆங்கிலம் தெரியாததும் புலப்படும், தமிழ் தெரியாததும் புலப்படும்.

தெரியாததை ‘அறியேன்’ என்று சொல்லவும் பழகுதல் வேண்டும். பள்ளியில் தெரியாது என்றால் பிரம்படி விழுந்த பழக்கத்தால், எதையாவது சொல்லித் தப்பும் பழக்கம் பிள்ளைகளிடம் படிந்துள்ளது. ‘அறியேன், ஆனால் இவ்வாறு இருக்கலாம் என்று எண்ணுகின்றேன்’ என்னும் ஒரு தொடருக்கு நேர்காணலில் பெருமதிப்பு உண்டு. உடை பற்றி ஒரு சொல் போதும்: துவைத்தது, கசங்காதது. கடன் வாங்கிக் குப்பாயம் தைக்க வேண்டா. சான்றிதழ்களை அழைப்பில் கேட்ட வரிசையில் அடுக்கி முதல்நாளே எடுத்து வைத்துக்கொள்ளுதல், தொலைவாயின் முதல்நாள் இரவே அவ்வூர் சென்று தங்குதல் ஆகியவை சிறியனவாய்த் தோன்றினும் காலைப் பதற்றத்தைப் பாதியாக்கும்.

பெண்பிள்ளைகளுக்கு இன்னும் ஓர் அணியம் தேவைப்படுகின்றது. ‘திருமணம் ஆனால் படிப்பை விட்டுவிடுவாயா?’ என்று வெட்கமின்றிக் கேட்கும் தேர்வாளர் இன்றும் உளர். அவ்வினாவை எந்த ஆண்பிள்ளையிடமும் அவர் கேட்பதில்லை. ‘படிப்பை முடிக்கவே வந்துள்ளேன்’ என்ற மூன்று சொல்லுக்கு மேல் அவருக்கு விடை தர வேண்டியதில்லை. ‘எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை’ என்று சாதியைத் துருவும் வினாவுக்கும் இவ்வாறே, ஊர்ப்பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

இவை மாணவன் செய்யத்தக்கவை. தமிழ்நாட்டரசும் பல்கலைக்கழகங்களும் செய்யத்தக்கவை அரியன அல்ல. தமிழ்நாட்டிலுள்ள எக்கல்லூரியிலும் நேர்காணல் அழைப்பிலேயே ‘தமிழில் விடையளிக்கலாம்’ என்னும் வரி அச்சாதல் வேண்டும். வேற்று மாநிலத்தார் குழுவில் இருப்பின், ஆட்சிப்பணித் தேர்வில் உள்ளதுபோல் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்தல் வேண்டும். தலைப்புவாரி மதிப்பெண்ணும், ஒலிப்பதிவும், கேட்கும் மாணவனுக்கு அப்பதிவின் படியும் வேண்டும். இவற்றுள் தலைப்புவாரி மதிப்பெண்ணையும் ஒலிப்பதிவையும் உச்ச நயன்மன்றத் தீர்ப்புகளின் நேர்ப்பயன் என்றே கேட்கலாம். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழில் பொறியியல் படித்தவனை ஆங்கிலத்தில் மட்டும் நேர்காணல் செய்வது எந்தக் கணக்கில் ஒக்கும்?

அரசு அசையும்முன் தமிழாசிரியர்கள் அசையலாம். கோடை விடுமுறையில் ஊர்ப்பள்ளியின் ஓர் அறை போதும். ஊரில் பட்டம் பெற்றோர் மூவர் மேசைக்கு அப்பால் அமர்க. பிள்ளை கதவைத் தட்டி உள்ளே வருக. பத்து மணித்துளி கேட்டு, பின் ஐந்து மணித்துளி எங்குத் தடுமாறினான் என்று அவனுக்குச் சொல்க. இரண்டு மாலை இவ்வாறு அமர்ந்தால், மூன்றாம் மாலை அவன் கை நடுங்காது. உண்மையான நேர்காணல் முடிந்து வெளிவந்த அன்றே, தன்னிடம் கேட்கப்பட்ட வினாக்களையும் எத்தனை மணித்துளி நடந்தது என்பதையும் நாளும் இடமும் குறித்து அவன் எழுதி, அப்பள்ளி ஏட்டில் ஒட்டுக. திருமணமும் தெருவும் கேட்டிருந்தால் அவையும் அதில் எழுதப்படுக. அடுத்த கோடையில் செல்லவிருக்கும் பிள்ளை அந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் செல்லட்டும். தேவைப்படின் வழக்குரைஞரும் புரட்டிப் பார்க்கட்டும்.